அசையாத மேசை 18 மீட்டர் ஏறிய கதை

முதல் சோதனையில் என் மேசை ஒரே நிமிடத்தில் 18 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டது. மேசை அசையவே இல்லை. அதன்மேல் ஒட்டியிருந்த, முடுக்கத்தை அளக்கும் எம்பியு-6050 சென்சார் அப்படிச் சொன்னது. முடுக்கத்தை இருமுறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சி வரும் என்பது பள்ளிக் கணக்குதான். ஆனால் சென்சாரில் 0.01 மீ/வி² பிழை ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும், காலத்தின் வர்க்கமாகப் பெருகி 60 விநாடியில் ஆறு மாடி ஏறிவிடுகிறது.

எனக்கு வேண்டியது விமானந்தாங்கிக் கப்பலின் தளம் அலையில் எழுந்து தாழும் அளவு. சாய்வைக் கைரோ, அதாவது சுழற்சியை உணரும் கருவி, சொல்லிவிடும். அதுவும் சின்ன விஷயம் அல்ல: நடுவிலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்கும் பின்பகுதி, 1 டிகிரி சாய்ந்தாலே 1.75 மீட்டர் ஏறி இறங்கும். விமானி பார்த்து இறங்கும் வழிகாட்டி விளக்கு தளத்தோடு சேர்ந்து ஆடக்கூடாது. 1950களில் பிரிட்டிஷ் கடற்படையின் நிக் குட்ஹார்ட் உருவாக்கிய, விளக்கொளியைப் பிரதிபலித்து விமானிக்கு வழிகாட்டும் கண்ணாடியையும் கைரோதான் நிலைநிறுத்தியது.

பழைய டிராயரின் சறுக்குச் சட்டத்தைச் சுவரில் செங்குத்தாக அறைந்து, கியர் மோட்டாரால் ஒரு பலகையை 20 சென்டிமீட்டர் ஏற்றி இறக்கினேன். ஒரு சுற்றுக்கு 8 விநாடி. மெதுவான நகர்வை வெட்டும் வடிகட்டியை ஒவ்வொரு தொகையீட்டுக்குப் பின்னும் 0.05 ஹெர்ட்ஸில் வைத்தேன். மேசை பறப்பது நின்றது. திரையில் 17 சென்டிமீட்டர் வந்தது, பரவாயில்லை.

கைபேசியில் எடுத்த காணொளியை ஓட்டிப் பார்த்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. பலகை உச்சிக்கு வருவதற்கு ஏறத்தாழ ஒரு விநாடி முன்பே வரைகோடு உச்சியைத் தொட்டிருந்தது. வரப்போவதைக் கணிக்கிறதே என்று சற்றுப் பெருமைகூடப் பட்டேன். மோட்டாரை நிறுத்தியதும் குட்டு உடைந்தது: பலகை மேலேயே நிற்க, கோடு மட்டும் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் வடிகட்டியின் கைங்கரியம். தளம் ஏறும் நேரத்தில் இறங்குகிறது என்று சொல்லும் கருவி, கருவியே இல்லாததைவிட மோசம்.

வெட்டும் எல்லையை 0.02 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். உயரம் 19.5 சென்டிமீட்டர், பிசகு 0.4 விநாடி. ஆனால் கோடு நிதானத்துக்கு வரவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஜன்னல் வெயில் பட்டுச் சென்சார் சூடானால் மறுபடி நழுவுகிறது.

அந்த 0.4 விநாடியைக் கணக்கிலேயே பின்தள்ளிப் பார்த்தேன். 8 விநாடிச் சுற்றுக்கு அழகாகப் பொருந்தியது, வேகத்தை மாற்றியதும் குலைந்தது. கடலில் ஒரே வேகத்தில் அலை வராது. இன்னொரு மோட்டார் வாங்கி இரண்டு வேகங்களைக் கலந்து ஓட்ட வேண்டும். அதற்குள் சறுக்குச் சட்டத்துக்கு எண்ணெய் விட வேண்டும், கீச்சிடுகிறது.