கண்டல் கால், பனை உடம்பு: முல்லைத்தீவுக் கரைக்கு மாடிக் கட்டடம் ஒன்று வரைந்த அனுபவம்

கட்டடக்கலைப் படிப்பின் இறுதி ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு பெரிய கட்டடத்தைத் தனியாக வடிவமைத்துக் காட்ட வேண்டும். நான் எடுத்தது எங்கள் ஊர்ப் பக்கம், முல்லைத்தீவுக் கரை. கடலுக்கும் நந்திக்கடல் களப்புக்கும் நடுவில் தட்டையான மணல் நிலம். 2004 டிசம்பர் 26 காலை ஓடி ஏறுவதற்கு அங்கே ஒரு மேடு இருக்கவில்லை. உயரமாகக் கட்ட நினைத்ததற்கு அதுதான் காரணம். மற்ற நாளில் மீனவர் சங்கம், வலை அறை, மருந்தகம், விடுதி. கடல் எழும்பும் நாளில் ஊரே ஏறி நிற்கும் இடம். இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் சுனாமிக்குப் பிறகு அப்படியான கட்டடங்களைக் கட்டினார்கள்.

முதல் மதிப்பீட்டுக்குச் சங்குபோல முறுகி எழும் இருபது மாடியைக் கொண்டுபோனேன். மூன்று கிழமை நித்திரை முழித்து வரைந்தது. மேற்பார்வையாளர் ஒன்றுதான் கேட்டார்: "சங்கு செய்யிற எந்த வேலையை இந்தக் கட்டடம் செய்யுது?" என்னிடம் பதில் இல்லை. 632 மீற்றர் உயர ஷாங்காய் கோபுரமும் முறுகித்தான் நிற்கிறது, ஆனால் அந்த முறுக்கு காற்றின் தாக்கத்தைக் குறைக்கிறது. நான் அழகுக்காகச் சங்கை ஒட்டியிருந்தேன்.

லீவில் ஊருக்கு வந்து, கள்ளப்பாட்டில் பெரியப்பாவின் மீன்வாடியில் படத்தை விரித்தேன். கீழ்த்தளச் சுவரில் விரலை வைத்தார். "தண்ணிக்கு முன்னாலை உந்தச் சுவரை வைச்சால் தள்ளிக்கொண்டுதான் போகும், பிள்ளை. வழியை விடு." அடுத்த நாள் வள்ளத்தில் கண்டல் பத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மிண்டு வேர்கள் சரிந்து சரிந்து சேற்றில் ஊன்றி நிற்க, தண்ணீர் இடையால் போய்வந்தது. மரம் அசையவில்லை. ஆச்சேயில் லம்புக் பள்ளிவாசல் தப்பி நின்றதற்கு, தண்ணீர் ஊடறுத்துப் போக விட்ட அதன் திறந்த தூண்களை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள் என்று பிறகு வாசித்தேன். என் கீழ்த்தளம் அன்றே மாறியது. சுவரே இல்லை, சரிந்த கால்கள் மட்டும்.

உடம்பைப் பனை தந்தது. கூரைக்குப் பனஞ்சிலாகை அறுக்கும் இடத்தில் ஒரு குற்றியின் வெட்டுமுகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் கறுத்த நார்கள் நெருங்கி வைரமாக இருக்கின்றன. நடுவுக்குப் போகப்போக நார் ஐதாகி, மெத்தென்று ஆகிறது. சிலாகை எடுப்பது ஓரத்தில்தான். மரம் காற்றில் வளையும்போது இழுவையும் அமுக்கமும் வெளி ஓரத்தில்தான் கூட. பனை தன் பலத்தை அங்கேயே வைத்திருக்கிறது. டாக்காவில் 1929இல் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்ற பொறியியலாளர் 1960களில் சிக்காகோவில் இதே நியாயத்தில்தான் உயர்ந்த கட்டடங்களைக் குழாய்போல வடிவமைத்தார்: பலம் வெளிச்சட்டத்தில், நடுவில் திறந்த இடம். நானும் தூண்களை வெளிவிளிம்புக்கு நகர்த்தினேன். எங்கள் வேலியோரத்துப் பனைக்கும் சிக்காகோவுக்கும் ஒரே கணக்கு என்று கண்ட அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கறையான் புற்றில் மட்டும் தவறினேன். சிம்பாப்வேயின் ஹராரேயில் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடம் கறையான் புற்றின் காற்றோட்டத்தைப் பார்த்துச் செய்தது. வன்னியில் புற்றுக்குக் குறைவில்லை, எனவே நானும் நடுவில் ஒரு காற்றுக்கூண்டை வைத்தேன். ஆனால் ஹராரே ஏறக்குறைய 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவுக் குளிரைக் கொங்கிறீற்றில் சேர்த்துவைத்துப் பகலில் எடுக்கலாம். எங்கள் கரையில் இரவும் புழுக்கம், சேர்த்துவைக்கக் குளிர் எங்கே? இங்கே உடம்பில் காற்றுப் பட வேண்டும். கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1970களில் வடிவமைத்த 12 மாடி அரச ஈட்டு வங்கிக் கட்டடம், காற்று இயல்பாக உள்ளே வரும்படி கட்டியது. அதைப் படித்து, காற்று ஊடே போகும்படி தளங்களின் அகலத்தை ஒடுக்கினேன். சிறிய மாதிரியில் ஊதுபத்தி கொளுத்திப் புகை எங்கே தேங்குகிறது என்று பார்த்தேன். ஏழாவது மாதிரியில்தான் புகை நேராக வெளியேறியது. வாடை மழை சாய்ந்தடிக்கும் வடகிழக்குக்கு ஆழமான தாழ்வாரம் விட்டேன்.

பிறகு சட்டம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை வாசித்தபின் கட்டடத்தை உள்ளே தள்ளி, அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் பிடித்துவைத்திருக்கும் மணல்மேட்டைத் தொடாமல் விட்டேன். உப்புக்காற்று கம்பியைத் தின்னும் என்பதால் கம்பிக்கு மேல் 50 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூடல் கொடுத்தேன்.

இருபது மாடி ஒன்பதாகக் குறைந்தது. இறுதி மதிப்பீட்டில் வடிவத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. நடக்கேலாத ஆக்கள் எப்பிடி ஏறுவினம்?" என்று கேட்டார்கள். நாலாம் மாடிவரை போகும் சரிவுப்பாதையைக் காட்டினேன். சித்தியடைந்தேன்.

போன கிழமை படத்தைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். சரிவுப்பாதையை விரலால் அளந்து பார்த்தார். "கதிரையிலை வைச்சுத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேர் ஏறேக்கை, மற்றவை ஓடி ஏற இடம் காணாது" என்றார். அகலத்தைக் கூட்டி மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன்.