தூரத்துச் சண்டையும் பக்கத்துச் சண்டையும்

இறையியல் கல்லூரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிரசங்க ஆசையில் வருகிறவர்கள். வேதாகம வகுப்பில் முன்வரிசைக்குப் போட்டி நடக்கும். திருச்சபை வரலாறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் வகுப்பு. கால அட்டவணை போடுகிறவர்களுக்கு எங்கள் பாடத்தின்மேல் என்ன கோபமோ தெரியாது.

நாங்கள் நடத்தும் பி.டி. என்ற இறையியல் பட்டப் படிப்புக்குப் பட்டம் தருவது வங்காளத்துச் செராம்பூர் கல்லூரியின் செனட். அதற்கான அதிகாரம் டென்மார்க் அரசர் 1827-இல் கொடுத்த சாசனத்திலிருந்து வருகிறது. தரங்கம்பாடியையும் செராம்பூரையும் டேனியர்கள் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கடையை விற்றாலும் உரிமம் நிலைத்தது. இதைச் சொன்னால் வகுப்பு கொஞ்சம் நிமிரும்.

நிசேயா சங்கம் வந்தால் முழுசாக விழித்துக்கொள்ளும். இயேசு பிதாவுக்குச் சமமானவரா என்று ஆயர்கள் கூடி வாதாடிய அந்த 325-ஆம் ஆண்டுச் சண்டையை அவர்களிடமே விட்டுவிடுவேன். ஒரு பக்கம் இல்லை என்ற ஆரியஸ் கட்சி, மறுபக்கம் ஆம் என்ற அத்தனாசியஸ் கட்சி. மேசையைத் தட்டி வாதாடுவார்கள். தோற்ற கட்சி சாயங்காலம் தேநீருக்குக்கூட விடாமல் தொடரும். அந்தச் சண்டையில் யாருடைய தாத்தாவும் இல்லை, அதனால் தைரியமாகப் பேசலாம்.

வடக்கன்குளத்துக்கு வரும்போதுதான் வகுப்பு மாறும். திருநெல்வேலிச் சீமையின் அந்தக் கத்தோலிக்க ஊரில் 1872-இல் கட்டத் தொடங்கிய கோயிலின் வரைபடத்தைக் கரும்பலகையில் போடுவேன். ஒரே பீடம், அதிலிருந்து காற்சட்டைக் கால்கள்போல் விலகிப் போகும் இரண்டு கூடங்கள். ஒன்று வெள்ளாளருக்கு, மற்றது நாடார்களுக்கு. நடுவில் சுவர். 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அதை இடித்தார்கள். சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

"அது ஆர்.சி. கதைதானே ஐயா" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். சரி, நம்முடைய புராட்டஸ்டண்ட் கதையைப் பார்ப்போம் என்று தஞ்சாவூருக்குப் போவேன். சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் கடிதம் அனுப்பினார். அங்கே பலர் சபையை விட்டே விலகினார்கள். சாதி வழக்கத்தை விடச் சொன்ன மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவர்களில் கீர்த்தனைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் உண்டு. ஞாயிறுதோறும் அவர் பாட்டைப் பாடுகிறவர்கள் அப்போது நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள்.

இறையியல் தாளும் நான்தான் திருத்துகிறேன். 'திருச்சபையின் ஒருமை' பற்றிக் கேட்டால் இரண்டாம் வரியிலேயே பவுலின் கலாத்தியர் 3:28 வந்து நிற்கும்: யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள். அந்த வசனத்தை எழுதிவிட்டால் கேள்வி முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். நான் மார்க் குறைப்பது அங்கேதான்.

அதனால் விடுமுறைக்கு ஒரு வேலை கொடுப்பேன். சொந்தச் சேகரத்தின், அதாவது ஒரு போதகரின் கீழ் உள்ள சபை வட்டத்தின், பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை வாசித்து எழுதிவர வேண்டும். ஒரு மாணவி தன் பூட்டனாரின் பதிவை அப்படியே பார்த்தெழுதி வந்தாள். பழைய பெயர் சுடலைமுத்து, புதிய பெயர் ஞானமுத்து. தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் சாதி. சில பக்கங்கள் தள்ளி, அதே சாதிப் பெயரின்மேல் யாரோ வேறு மையில் கோடு அடித்திருந்தார்கள். அடித்தது யார், எப்போது? அந்தச் சபையைக் கவனிக்கும் உபதேசியாருக்கும் தெரியவில்லை. அவளுடைய கட்டுரை முழுக்க அந்தக் கோட்டைப் பற்றித்தான். கலாத்தியர் கடைசிப் பக்கத்தில்தான் வந்தது, அதுவும் கேள்வியாக.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடியாது. ஒரு போதகர் ஃபோன் பண்ணி, "பிள்ளைகளை ஊழியத்துக்குப் படிக்க அனுப்பினோமா, ஊரைக் கிளறவா ஐயா?" என்றார். அவர் கவலையும் நியாயம்தான், அடுத்த ஞாயிறு அந்த ஊரில் பிரசங்கபீடம் ஏற வேண்டியவர் அவர். ஆனாலும் வேலையை நான் நிறுத்தவில்லை. முதல்வரின் கடிதத்தோடு போகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இந்த வருஷம் கல்லறைத் தோட்டத்தையும் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். கோயிலுக்குள் சுவர் போனாலும் கல்லறையில் போகாத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. முதல்வரிடம் சொன்னேன். "செமஸ்டர் முடியட்டும், பார்க்கலாம்" என்றார்.