கட்டெறும்புக் கூடு: மழைக்கால நாட்குறிப்பு

3 நவம்பர் 2024, ஞாயிறு

கட்டெறும்புகளை வளர்க்கிற டெஸ்ட் டியூபில் இனி இடமில்லை. பஞ்சுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் மஞ்சளடித்துவிட்டது. பஞ்சின் விளிம்பில் கறுப்புப் புள்ளி வைத்திருக்கிறது. ராணி அந்தப் பஞ்சை ஒட்டியே நிற்கிறாள். வயிறு உப்பி, கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே வெளிறிய தோல் தெரிகிறது. அவளைச் சுற்றி இடம் போதாமல் பிள்ளைகள் ஒருத்தி முதுகில் ஒருத்தி ஏறி நிற்கிறார்கள். பெரிய தலைக்காரிகளால் திரும்பக்கூட முடியவில்லை.

கூடு கட்டியாக வேண்டும். மழை பிடித்துக்கொள்வதற்குள்.

4 நவம்பர்

பாண்டி ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருக்கிற அண்ணன் ஃபோன் பண்ணினான். டெஸ்டுக்கு எடுத்து அனுப்பியாச்சாம். ரிப்போர்ட் வர நாளாகுமாம்.

5 நவம்பர், செவ்வாய்

முடிவு பண்ணிவிட்டேன், பிளாஸ்டர் இல்லை. பிள்ளையார் பொம்மைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் போகிற அதே மாவுதான். ரெண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர். அறைகளைக் களிமண்ணில் உருட்டி வைத்து மேலே ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும், களிமண்ணைத் தோண்டி எடுத்தால் கூடு. ஷார்ல் ஜானே என்ற பிரெஞ்சுக்காரரின் எறும்புக் கூட்டை 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே வைத்தார்கள். எறும்புப் புற்றை ரெண்டு கண்ணாடிக்கு நடுவே தட்டையாக்கி, உள்ளே நடப்பதை அப்படியே பார்க்க வழி பண்ணிய மனிதர். அவரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

ஆனால் பாரிஸ் வேறு, புதுப்பாளையம் வேறு. இங்கே ஐப்பசியில் துவைத்த துணியே காயாது. ஊறிய பிளாஸ்டர் இளகும். கட்டெறும்பு அதைக் கடித்துக் கடித்தே வழி பண்ணிக்கொண்டு வெளியே வந்துவிடும். அக்ரிலிக் என்றால் ஈரத்தை உறிஞ்சவே உறிஞ்சாது. தண்ணீர் கூரையில் முத்து முத்தாக நின்று முட்டை மேல் விழும்.

ஏஏசி கல்தான் சரி, சுவர் கட்டுகிற லேசான சிமெண்ட் கல். உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. ஒரு ஓரத்தில் தண்ணீர் விட்டால் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும், மறு ஓரம் காய்ந்தே இருக்கும். எனக்கு வேண்டியது அந்த மறு ஓரம்.

8 நவம்பர், வெள்ளி

செம்மண்டலத்தில் வீடு கட்டுகிற இடத்தில் உடைந்த கல் இருக்குமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"எறும்பு வளக்கறதுக்குண்ணே."

மேஸ்திரி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "எறும்பு தானாவே வளருமேம்மா" என்றார். அப்புறம் நல்ல துண்டாகப் பார்த்து அவரே எடுத்துக் கொடுத்தார். மட்டம் பார்க்கிற டியூபில் ஒரு முழமும் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மீன் தொட்டிக்குப் போடுகிற காற்று டியூபில் பெரிய தலைக்காரி மாட்டிக்கொள்வாள். இதில் ரெண்டு பேர் எதிரெதிரே வந்தாலும் போகலாம்.

மொட்டை மாடியில் உட்கார்ந்து ஹேக்சா பிளேடால் அறுத்தேன். நாலு நாள் ஆன ரொட்டியை அறுக்கிற மாதிரி அறுபடுகிறது. கல்லை நனைத்துக்கொண்டுதான் குடைய வேண்டும், மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். அந்த வெள்ளைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தட்டை ஸ்க்ரூடிரைவர், பழைய டீஸ்பூன், இவ்வளவுதான் கருவி. ஆழம் 12 மில்லிமீட்டர். ராணி கால் ஊன்றி நிற்க அது போதும்.

கை பெரிய கூடமாகக் குடையத்தான் போகிறது. நமக்குப் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று ஆசை. அவர்களுக்கு வேண்டியது நெருக்கம். இடம் மிஞ்சினால் அந்த மூலையைக் குப்பைமேடாக்கிவிடுவார்கள், செத்தவர்களைக் கொண்டுபோய் அங்கே போடுவார்கள். அப்புறம் அங்கிருந்துதான் பூஞ்சை கிளம்பும். சின்னச் சின்ன அறை, குறுகின வழி.

அப்பா ஃபோனில் பேசினார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

9 நவம்பர்

கல்லை மூன்று தண்ணீரில் அலசி மாடியில் வைத்தேன். வெயில் இல்லை.

11 நவம்பர், திங்கள்

திருப்பாதிரிப்புலியூரில் கண்ணாடி வெட்டினேன், 4 மில்லிமீட்டர். ஓரத்தைத் தேய்த்தே கொடுத்தார். பக்கத்துக் கடையில் சிவப்பு ஜிகினாத் தாள், மாலை கட்டுகிற கடையில் கிடைக்கிற கண்ணாடித்தாள் வகை.

சிவப்பு ஏனென்றால் எறும்புக்கு அது கிட்டத்தட்ட இருட்டு. 1880-களில் ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர் கூட்டின் மேல் பல நிறக் கண்ணாடிகளை வைத்து, எந்த நிறத்துக்குக் கீழே எத்தனை எறும்பு ஒதுங்குகிறது என்று எண்ணிப் பார்த்தார். ஊதாவை விட்டு ஓடின. சிவப்புக்குக் கீழே போய் நிம்மதியாக நின்றன. நம் கண்ணுக்கு ஊதாதான் இருட்டு, அவற்றுக்கு அதுதான் வெளிச்சம்.

அதே லப்பக் ஒரு ராணியைக் கிட்டத்தட்ட 15 வருஷம் வளர்த்தார். 15 வருஷம், ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள். மழை விட்ட ராத்திரியில் தேவனாம்பட்டினம் விளக்குக் கம்பத்தடியில் றெக்கையை உதிர்த்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தவளை எடுத்து வந்தபோது இதெல்லாம் நான் யோசிக்கவில்லை. நல்லபடியாக இருந்தால் இவளும் பத்து வருஷம் தாண்டலாம். யார் யார் இருப்போம் அப்போது என்று யோசனை ஓடுகிறது. தூங்கப் போகிறேன்.

13 நவம்பர்

"கரப்பான கொல்லாதன்னா கொல்லாத." அம்மா அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள். மாசாமாசம் பூசத்துக்கு வடலூர் போகிறவள். எறும்பு வளர்ப்பதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. எறும்புக்காக இன்னொன்றைக் கொல்வதில்தான். புழுக்கள் வளர வேண்டுமென்றால் புரதம் வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் ஓடியாடுகிறவர்களுக்கு மட்டும்தான் போதும்.

14 நவம்பர்

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கஞ்சிதான்.

15 நவம்பர், வெள்ளி

ஈசல்! நேற்றுச் சாயங்காலம் தூறல் விட்டதும் திண்ணை டியூப்லைட்டைச் சுற்றி மொய்த்தது. காலையில் றெக்கையெல்லாம் ஒரு பக்கம், உடம்பெல்லாம் ஒரு பக்கம். செத்துக் கிடந்ததை மட்டும் பொறுக்கினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "இது தானா போனது. குடு" என்றாள். அவளே முறத்தில் வாரிக் கொடுத்தாள்.

நாலைந்தை வைத்தேன். சின்னவள் ஒருத்தி வந்து உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்தாள். திரும்பி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பெரிய தலைக்காரி வந்து ஈசலின் கழுத்தில் தாடையை வைத்து ஒரே அழுத்து. மற்றவர்கள் துண்டு துண்டாக உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். புழுக்களின் மேலேயே வைத்துவிட்டார்கள். கொழுத்த வெள்ளைப் புழு, கைகால் இல்லாதது, தலையை மட்டும் வளைத்து வளைத்துத் தின்றது. அம்மா கூடவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

18 நவம்பர்

பிள்ளையார் எறும்பு சர்க்கரைத் தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டது. டியூபோடு சேர்ந்த, சாப்பாடு வைக்கிற வெளிப்பெட்டிக்குள் வரிசை. இவை ரொம்பச் சின்னவை, ஆனாலும் கூட்டமாக நுழைந்தால் என் கூட்டத்துக்குத் தாங்காது. முக்காலியின் மூன்று காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன். பலகாரத் தூக்கைத் தாம்பாளத் தண்ணீரில் வைக்கிற பாட்டி வேலைதான். லப்பக்கும் கூட்டைச் சுற்றித் தண்ணீர் அகழிதான் வைத்திருந்தார்.

20 நவம்பர்

டெங்கு பார்க்க வந்த அக்கா மூன்று கிண்ணத்தையும் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் செய்தது சரி. இனி சோப்புத் தண்ணீர்.

22 நவம்பர், வெள்ளி

ஈரம். காலையிலிருந்து இதே நினைப்பு.

கூட்டை இன்னும் இணைக்கவில்லை. எறும்பில்லாமல் தண்ணீர் மட்டும் விட்டுப் பார்க்கிறேன். ஒரு ஓரத்தில் ஊறுகாய்க் கிண்ணி அளவுக்குக் குழி, அதில் தண்ணீர். கல் எவ்வளவு தூரம் கறுக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுவைத்தேன். காலையில் பாதிக்கல் வரை வந்திருந்தது. மத்தியானம் முக்கால். வெளியே காற்றிலேயே இவ்வளவு ஈரம் இருக்கும்போது கல் எங்கே காயும்? முழுக்க நனைந்தால் பூஞ்சை. தண்ணீரே விடாவிட்டால் முட்டை சுருங்கும். முட்டைக்கும் சின்னப் புழுவுக்கும் ஈரம் வேண்டும், பட்டுக்கூடு கட்டிக்கொண்டதற்குக் காய்ந்த இடம் வேண்டும். எதை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியும், தூக்கித் தூக்கி மாற்றிக்கொள்வார்கள். மாற்றிக்கொள்ள ரெண்டு விதமான இடத்தையும் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. முடிவு அவர்களுடையது.

அப்பாவிடம் யாருமே எதுவும் கேட்பதில்லை. அந்த வார்டா இந்த வார்டா, சொல்லலாமா வேண்டாமா, எல்லாம் வராந்தாவிலேயே முடிவாகிவிடுகிறது. அவர் முன்னால் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசுகிறோம்.

குழியைப் பாதியாகச் சிறிதாக்கிவிட்டேன். சிமெண்ட் பூசி அடைத்தேன். காற்றுத் துவாரம் காய்ந்த பக்கம் மட்டும். அதற்கு டீ வடிகட்டியின் எஃகு வலை. கொசுவலையை இவர்கள் கடித்துவிடுவார்கள். கோடு இப்போது மூன்றில் ஒரு பங்கில் நிற்கிறது.

இன்னும் ரிப்போர்ட் வரவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

இணைத்துவிட்டேன். டியூப் மேல் சுற்றியிருந்த துணியை எடுத்துவிட்டு அதை வெளிச்சத்தில் வைத்தேன், கூட்டின் மேல் சிவப்புத் தாளும் அட்டையும். தட்டிக் கொட்டக் கூடாது. பக்கத்து வீட்டுப் பையன், "கவுத்து ஊத்தினா சீக்கிரம் போயிடும்லக்கா?" என்றான். கொட்டினால் பயத்தில் முட்டையையே தின்றுவிடுவார்கள் என்றேன். அதற்கப்புறம் மூச்சுகூடச் சத்தமில்லாமல் விட்டான்.

25 நவம்பர்

வேவு பார்க்க ஒருத்தி. போனாள், வந்தாள்.

27 நவம்பர்

யாரும் போகவில்லை. அந்த அழுக்குப் பஞ்சில் அப்படி என்னதான் இருக்கிறது? கல்லின் வாசனை பிடிக்கவில்லையா? ஒவ்வொரு அறையையும் விளக்கடித்துப் பார்க்கிறேன், பார்க்கக் கூடாது என்று தெரிந்தும்.

வாழ்க்கையில் எதற்காகவாவது இப்படிக் காத்திருக்கச் சொல்லாதீர்கள் என்னை. ஒரே நேரத்தில் ரெண்டு.

29 நவம்பர்

புயலாம். ஃபெஞ்சல் என்று பெயர். முக்காலியை நடுக்கூடத்துக்கு நகர்த்தினேன்.

30 நவம்பர், சனி

காற்று. மதியமே கரண்ட் போச்சு. அண்ணனும் அப்பாவும் அங்கே, நானும் அம்மாவும் இங்கே.

1 டிசம்பர்

ராத்திரி பாண்டி பக்கம் கரையைக் கடந்து அங்கேயே நின்றுவிட்டதாம், நகரவில்லையாம். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியிருக்கிறது என்று பேட்டரி ரேடியோவில் சொன்னார்கள். அண்ணன் நம்பர் போகவில்லை. முப்பது தரம் அடித்திருப்பேன். தானே புயலின்போது இதே கூடத்தில் அப்பா கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை.

2 டிசம்பர்

சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள். பெண்ணையாறு கரை மீறிவிட்டது. பாண்டிக்கு பஸ் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். நம் வாசல்படியில் கடைசிப் படி மட்டும் மிச்சம்.

அண்ணன் குறுஞ்செய்தி, ஒரே வரி: நல்லா இருக்கோம்.

3 டிசம்பர், செவ்வாய்

போய்விட்டார்கள்!

விடிகாலை மெழுகுவத்தியை மறைத்துப் பிடித்துப் பார்த்தேன். டியூபில் ராணி இல்லை. மட்டம் பார்க்கிற டியூபில் ஒருத்தி இன்னொருத்தியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். தூக்கப்பட்டவள் கால்களை மடக்கிக்கொண்டு, பொட்டலம் போல ஆடாமல் அசையாமல் போகிறாள். அட்டையை ஒரு விரல்கடை நகர்த்தினேன். முட்டைக் குவியல் பென்சில் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஈரத்தில். பழுப்பு நிறப் பட்டுக்கூடுகள் அத்தனையும் வலை பக்கம், காய்ந்த அறையில், வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ராணி நடு அறையில். நான் கோடு போட்ட இடத்திலேயே பிரித்திருக்கிறார்கள். அம்மாவை எழுப்பிக் காட்டினேன். பார்த்துவிட்டு அழுதாள். நானும்.

4 டிசம்பர்

கரண்ட் வந்தது. ரிப்போர்ட்டும் வந்துவிட்டதாம். ஃபோனில் சொல்ல மாட்டேன் என்கிறான்.

5 டிசம்பர், வியாழன்

முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு எழுதி வைத்தது:

சர்க்கரைத் தண்ணீர் ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர். பஞ்சில் நனைத்து வை, கிண்ணத்தில் ஊற்றாதே, மூழ்கிவிடும். ரெண்டு நாளுக்கு ஒருதரம் மாற்று. ஈசல் அலமாரியில் டப்பாவில் இருக்கிறது, ஒரு தடவைக்கு மூன்று. குழியில் தண்ணீர் கால்வாசிக்குக் கீழே போனால் மட்டும் ஊற்று. பென்சில் கோட்டைப் பார்த்துக்கொள், ஈரம் கோட்டைத் தாண்டினால் ஊற்றவே ஊற்றாதே. முக்காலிக் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வற்றக் கூடாது. பெட்டி ஓரத்தில் எண்ணெய் காய்ந்திருந்தால் தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு மெல்லிசாகத் தடவு. மூடியைத் திறக்கும்போது பெரிய தலைக்காரி விளிம்பில் நின்றால்