மலைமேல் 802.1எக்ஸ்: தேயிலைத் தொழிற்சாலையில் போர்ட்டுகளைப் பூட்டிய அனுபவம்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஒட்டியே அலுவலகம், சற்றுத் தள்ளி குடோன். சுவிட்சுகள் எல்லாம் சிஸ்கோ கேட்டலிஸ்ட். யார் எந்த போர்ட்டில் வயரைச் செருகினாலும் நெட்வொர்க் கிடைத்துவிடும் என்ற நிலையை மாற்றத்தான், அடையாளம் காட்டிய கருவியை மட்டும் உள்ளே விடும் 802.1எக்ஸ் முறையைப் போட்டோம். கோவையில் இதைச் செய்தவர்களுக்கு முக்கால்வாசி தெரிந்ததாகவே இருக்கும். மிச்சக் கால்வாசிதான் பாடாய்ப் படுத்தும்.

முதலில் ரேடியஸ் சர்வர் (யாரை உள்ளே விடலாம் என்று சுவிட்சுக்குச் சொல்வது) எங்கே என்பதை முடிவு செய்யுங்கள். தலைமை அலுவலகம் கோவையில் இருந்தால், அங்கேயே வைத்து விபிஎன் டனலில் (இணையத்தின் வழியே போகும் மறையாக்கப் பாதை) இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். வேண்டாம். மழைக்காலத்தில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் கழுத்தறுப்பது பாக்கெட் அளவு. பாஸ்வேர்டுக்குப் பதில் மின்சான்றிதழைக் காட்டி நுழையும் இஏபி-டிஎல்எஸ்ஸில் லேப்டாப் தன் சான்றிதழை அனுப்பும்போது, ரேடியஸ் பாக்கெட் 1500 பைட்டைத் தாண்டிவிடலாம். டனலில் அது இரண்டு துண்டாகும். நடுவில் ஏதாவது ஒரு ஃபயர்வால் இரண்டாவது துண்டை விழுங்கிவிடும். பாஸ்வேர்டில் நுழைபவர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கும், சான்றிதழ்காரர்கள் மட்டும் வெளியே நிற்பார்கள். சர்வர் லாக்கில் ‘மறுத்தேன்’ என்றுகூட இருக்காது, பேச்சு பாதியில் நின்றிருக்கும். அதனால் பாக்கெட்ஃபென்ஸை (ரேடியஸ் சர்வர் அடங்கிய இலவச மென்பொருள்) மலைமேலேயே, 16 ஜிபி ரேம் உள்ள ஒரு சர்வரில் வைப்பதே நல்லது. கோவைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ரேடியஸ் பேச்சை மறையாக்கி டிசிபி 2083-இல் அனுப்பும் ராட்செக்கைப் பயன்படுத்துங்கள்.

சர்வர் உள்ளூரில் இருந்தாலும் ஒரு கண்ணி பாக்கி. ரத்தான சான்றிதழ்களின் பட்டியல் கீழே கோவையிலிருந்து வருகிறதா? இணைப்பு அறுந்து கிடக்கும்போது அந்தப் பட்டியலின் காலம் முடிந்தால், நல்ல சான்றிதழையும் சர்வர் தள்ளிவிடும். பட்டியலின் ஆயுளை, லைன் அறுந்தால் சரியாக ஆகும் காலத்தைவிட நீளமாக வையுங்கள். நேரம் சொல்லும் என்டிபி சர்வரும் உள்ளூரில் ஒன்று வேண்டும். கரன்ட் போய் வந்து கடிகாரம் பின்னால் போனால் சான்றிதழ் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்றாகிவிடும்.

எடுத்த எடுப்பில் எதையும் மூடாதீர்கள். எல்லா போர்ட்டிலும் ஓப்பன் மோடில் (சோதனை நடக்கும், தடுப்பு இருக்காது) விட்டு, யார் தேறுகிறார்கள், யார் தோற்கிறார்கள் என்று லாக்கை மட்டும் பாருங்கள். கணக்கில் இல்லாதவை எல்லாம் அப்போதுதான் தலை காட்டும்: பயோமெட்ரிக் கருவி, கேமரா, மேசைக்கு அடியில் யாரோ வைத்த எட்டு போர்ட் மலிவு சுவிட்ச். கடைசியில் சொன்னதைப் பிடுங்கிவிடுங்கள். 802.1எக்ஸ் பேச்சு போகும் மல்டிகாஸ்ட் (குழு) முகவரிக்கு வரும் பாக்கெட்டை விதிப்படி நடக்கும் சுவிட்ச் கடத்தாது. பின்னால் உள்ள கணினி எத்தனை முறை கேட்டாலும் மேலே போய்ச் சேராது. விண்டோஸ் கணினிகளில் 802.1எக்ஸ் பேசும் வயர்டு ஆட்டோகான்ஃபிக் சேவை தானாகத் தொடங்காது. குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்பு வைப்பது) அதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

சான்றிதழ் வைக்க முடியாத கருவிகளை மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வைத்து உள்ளே விடுவோம். சுவிட்ச் 30 விநாடிக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் மேக் முகவரிக்கு இறங்கும். 90 விநாடி. அதற்குள் பிரிண்டர் டிஹெச்சிபியில் ஐபி முகவரி கேட்டுச் சலித்து 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். அந்த 30 விநாடி இடைவெளியான டிஎக்ஸ் பீரியடை 10 ஆக்கினால் அரை நிமிடத்தில் வேலை முடியும். அதற்கும் கீழே போக அவசியமில்லை.

பச்சை இலை எடை போடும் தராசுதான் இதில் அசல் வில்லன். அதன் இண்டிகேட்டருக்கு (எடை காட்டும் பெட்டி) நிலையான ஐபி. கணினி கேட்டால் எடையைச் சொல்லும், கேட்காதவரை வாயே திறக்காது. மேக் முகவரி தெரிய, கருவி ஒரு பாக்கெட்டாவது அனுப்ப வேண்டும். போர்ட் இரண்டு பக்கமும் மூடியிருப்பதால் கணினியின் கேள்வி தராசுக்குப் போகாது. கேள்வி போகாததால் தராசு பேசாது. பேசாததால் போர்ட் திறக்காது. அந்த போர்ட்டில் கன்ட்ரோல் டைரக்ஷனை ‘இன்’ என்று மாற்றுங்கள். உள்ளே வருவது மட்டும் தடுக்கப்படும், வெளியே போவது போகும். தராசு ஒருமுறை பதில் சொன்னதும் கதவு திறந்துவிடும். அங்கே இனாக்டிவிட்டி டைமரை வைக்காதீர்கள், ராத்திரி சும்மா இருந்ததற்காக வெளியேற்றிவிடும்.

மேக் முகவரி ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும், யாரும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். எனவே அந்தக் கருவிகளுக்குத் தனி விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), இறுக்கமான ஏசிஎல் (யார் யாரோடு பேசலாம் என்ற பட்டியல்). கேமரா, பதிவு செய்யும் என்விஆரோடு மட்டும் பேசட்டும், தராசு எடைக் கணினியோடு மட்டும்.

குளிரும் பனிமூட்டமும் நெட்வொர்க் வயரின் ஆர்ஜே45 முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். லிங்க் விழுந்து எழும்போதெல்லாம் புதிதாக அனுமதி கேட்கப்படும். லாக்கில் ஒரே கருவி மணிக்குப் பலமுறை வந்தால் கான்ஃபிகைக் குடையாமல் முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள். குடோனுக்குக் காப்பர் வேண்டவே வேண்டாம், இடிக்குப் பயந்தாவது ஃபைபர் போடுங்கள்.

ரேடியஸ் சர்வர் செத்தால் போர்ட்டுகள் எந்த விலேனுக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதி வைத்து, சர்வரை நிஜமாகவே நிறுத்திச் சோதியுங்கள்.

கடைசியில் மூடும்போது அலுவலகம் முதலில், குடோன் அடுத்து, எடை போடும் இடம் கடைசி. வியாழன், வெள்ளி மட்டும் எதையும் தொடாதீர்கள். குன்னூர் தேயிலை மின்ஏலம் நடக்கும் நாள்கள் அவை, அலுவலகத்தில் யாரும் உங்கள் சமாதானத்தைக் கேட்க மாட்டார்கள்.