ழகரத்தில் தொடங்கும் ஒரு சொல்லும் மெட்டா டிஸ்கிரிப்ஷன் சோதனையும்

வலைப்பக்கத்தின் குறிமுறைக்குள், வாசகர் கண்ணில் படாமல், பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லும் டிஸ்கிரிப்ஷன் டேகில் 'பெங்களூர் பெஸ்ட் தமிழ் மெஸ்' என்று நாலு தடவை எழுதினால் கூகுளில் மேலே வருமா என்று அல்சூர், விவேக் நகர் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள். வராது. தேடல் சொற்களை அடுக்கி வைக்கும் கீவேர்ட்ஸ் டேக், டிஸ்கிரிப்ஷன் டேக் இரண்டையுமே வரிசைப்படுத்த எடுத்துக்கொள்வதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் சொல்லிவிட்டது. தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரிக்கு மட்டும் டிஸ்கிரிப்ஷனைச் சில சமயம் பயன்படுத்துகிறது. கூகுள் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம், நாமே சோதிக்கலாம். செலவும் இல்லை.

எங்கும் இல்லாத மூன்று சொற்களை உருவாக்குங்கள். இதில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு: ழ, ண, ற போன்ற எழுத்துகள் சொல்லுக்கு முதலில் வராது. 'ழொப்பிங்கான்' மாதிரி ஒன்றை யாரும் தற்செயலாக எழுதியிருக்க மாட்டார்கள். (இதையே எடுக்காதீர்கள், இந்தப் பதிவில் வந்துவிட்டது.) ஆங்கில எழுத்தில் உருவாக்கினால் கூகுள் எழுத்துப்பிழை என்று நினைத்து வேறு எதையோ தேடித் தரலாம். மூன்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, முடிவு எதுவும் வரவில்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒன்றைத் தலைப்பில் மட்டும், ஒன்றை டிஸ்கிரிப்ஷனில் மட்டும், ஒன்றைப் பக்கத்தின் பத்தியில் மட்டும் வையுங்கள். வேற்றுமை உருபு சேர்க்கக் கூடாது. 'ழொப்பிங்கானை' என்று எழுதிவிட்டு 'ழொப்பிங்கான்' என்று தேடினால், கிடைக்காததற்குக் காரணம் டேகா உருபா என்று தெரியாமல் போகும். பிறகு, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்து இண்டெக்ஸ் செய்யக் கேளுங்கள், அதாவது தேடல் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூகுள் எடுத்துச் சென்ற பக்கத்தின் மூலக் குறிமுறையையும் (HTML) அங்கேயே பார்க்கலாம். அதில் மூன்று சொல்லும் தெரியும்வரை தேடிப் பார்ப்பதில் பயனில்லை.

தலைப்புச் சொல்லும் பத்திச் சொல்லும் பக்கத்தைக் கொண்டுவந்து, டிஸ்கிரிப்ஷன் சொல் மட்டும் கொண்டுவராவிட்டால் விஷயம் முடிந்தது. பொருத்தம் பார்க்கவே எடுக்காத சொல் எப்படி வரிசையை உயர்த்தும்? மூன்றுமே வராவிட்டால் பக்கம் இன்னும் இண்டெக்ஸ் ஆகவில்லை. அதற்காகத்தான் மற்ற இரண்டு சொற்களும்.

டிஸ்கிரிப்ஷன் சொல்லும் வந்துவிட்டால் குதிக்க வேண்டாம், முதலில் கசிவைத் தேடுங்கள், அதாவது அந்தச் சொல் வேறிடத்திலும் நுழைந்திருக்கிறதா என்று. தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் யோஸ்ட் மாதிரியான பிளகின் (கூடுதல் செயலி), அதே வரியைச் சமூக ஊடகப் பகிர்வுக்கான ஓபன் கிராஃப் டேகிலும், தேடுபொறிக்குப் பக்கத்தை விளக்கும் ஸ்கீமா குறிமுறையிலும் நகலெடுத்து வைக்கும். சில தீம்கள் (தள வடிவமைப்புகள்) பதிவுகளைப் பட்டியலிடும் வகைப் பக்கத்தில் அதையே சுருக்கமாகக் காட்டும். மூலக் குறிமுறையைத் திறந்து, சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். கசிவே இல்லாமல் வந்தாலும், அந்தச் சொல் இண்டெக்ஸில் இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். போட்டியே இல்லாத சொல்லை வைத்து ரேங்கிங் எடையை அளக்க முடியாது. மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் தனியாகத் தேடுங்கள், ஒன்றின் விடையை மற்றதற்குப் பொருத்த வேண்டாம்.

ரேங்க் கேள்வி இப்படிச் சுலபமாகத் தீர்ந்துவிடும். க்ளிக் கூடுகிறதா என்பதுதான் இழுவை. ஒரே மாதிரியான 40 பக்கங்கள் இருந்தால் 20இல் மட்டும் டிஸ்கிரிப்ஷனை மாற்றி, முன் 4 வாரத்தையும் பின் 4 வாரத்தையும் ஒப்பிடுங்கள். அந்த நாட்களில் தலைப்பைத் தொடக் கூடாது. பொங்கல், தீபாவளி வாரங்கள் ஆகாது. பெங்களூர்த் தமிழர்களில் நிறையப் பேர் சொந்த ஊருக்குப் போக ஓசூர் ரோட்டைப் பிடித்திருக்கும்போது மெஸ்ஸை யார் தேடுவார்கள்? சர்ச் கன்சோலின் நாள் கணக்கு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நடப்பது. நமக்கு மதியம் 12.30க்குத்தான் (அங்கே குளிர்காலமானால் 1.30க்கு) புது நாள் பிறக்கிறது. காலை 10 மணிக்கு மாற்றினால் அது முந்தைய நாளின் கணக்கில் விழும்.

மொத்த க்ளிக் விகிதத்தை (தேடலில் காட்டப்பட்ட தடவைகளில் எத்தனை க்ளிக் ஆனது என்பதை) மட்டும் பார்ப்பது பெரிய தப்பு. பக்கம் புதிதாக 30ஆம் இடத்தில் நாலு தேடல்களுக்குத் தலைகாட்ட ஆரம்பித்தாலே விகிதம் சரியும், டிஸ்கிரிப்ஷன் பாவம் ஒன்றும் செய்திருக்காது. ஒரே தேடல் சொல், ஏறக்குறைய ஒரே இடம், ஒரே வகைக் கருவி (ஃபோனா, கணினியா) என்று பிரித்து ஒப்பிடுங்கள். நாம் எழுதியதுதான் காட்டப்படுகிறதா என்றும் தேடிப் பாருங்கள். டிஸ்கிரிப்ஷனில் 'அல்சூர்' என்று மட்டும் இருந்து ஒருவர் அதன் கன்னடப் பெயரில் 'ஹலசூரு' என்று தேடினால், கூகுள் பக்கத்திலிருந்து வேறு வரியை எடுத்துப் போடலாம். அந்தத் தேடலின் க்ளிக்கை நம் சோதனையில் சேர்க்கக் கூடாது.

நீளத்துக்கு வருவோம். 160 எழுத்து என்பது ஆங்கிலத்துக்கு உருவான வழக்கம். 2017 டிசம்பரில் கூகுள் தலைப்புக்குக் கீழே வரும் வரிகளை நீட்டி, 2018 மே மாதமே பழையபடி சுருக்கியது. 320 வரை எழுதலாம் என்ற அறிவுரை எங்காவது கண்ணில் பட்டால் அது அந்த ஆறு மாதத்து மிச்சம். தமிழில் கணக்கே வேறு. 'பெங்களூரு' நமக்கு 5 எழுத்து, கணினிக்கு 9 குறிகள், ஏனென்றால் கொம்பு, புள்ளி, சுழி எல்லாம் தனித்தனி. பிளகின் எண்ணுவது குறிகளை, கூகுள் வெட்டுவது திரையின் அகலத்தை வைத்து. நம் எழுத்துகள் அகலமானவை, அதுவும் ஃபோனுக்கு ஃபோன் எழுத்துரு மாறும். ஊர், நேரம், விலை மூன்றையும் முதல் வரியிலேயே முடித்துவிடுங்கள்.

டேகைக் கையால் எழுதுகிறவர்கள், டிஸ்கிரிப்ஷனைச் சுற்றி இரட்டை மேற்கோள் இருந்தால், உள்ளே நேர் இரட்டை மேற்கோள் (") போடாதீர்கள். 'அம்மா கைமணம்' என்று ஒற்றையில் போட்டால் தப்பிக்கலாம். இரட்டையில் போட்டால் உலாவி அந்த இடத்திலேயே டிஸ்கிரிப்ஷன் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும், மீதி காணாமல் போகும்.

க்ளிக் கூடியதாகத் தெரிந்தால் 20 பக்கங்களில் 10ஐ மறுபடி பழைய டிஸ்கிரிப்ஷனுக்குத் திருப்பி இன்னும் 4 வாரம் விடுங்கள். கடைக்காரர் "நல்லா ஓடுறதை ஏன் சார் மாத்துறீங்க?" என்பார். அந்தப் பத்தில் மட்டும் க்ளிக் இறங்குகிறதா என்று பார்க்காமல் அவருக்குப் பில் போட வேண்டாம்.