சொட்டுநீர் மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன் பட்டாவைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் உண்டு என்பது பலருக்கும் தெரிந்ததே. அந்த இரண்டில் நாம் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு சான்று, அதாவது சிறு விவசாயி சான்று, எங்களை அலைக்கழித்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இனி விண்ணப்பிக்கப் போகிறவர்களாவது முன்கூட்டியே அறிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

குடும்ப நிலத்தில் என் பங்கு மூன்று ஏக்கருக்கும் குறைவு. பாகப்பிரிவினைப் பத்திரம் முறையாகப் பதிவாகி, அவரவர் வரப்புக்குள் அவரவர் வெள்ளாமை செய்து வருகிறோம். பட்டா மட்டும் கூட்டுப் பட்டாவாகவே இருந்தது. அதில் மொத்தம் எட்டு ஏக்கருக்கு மேல். இ-சேவை மையத்தில் பதிந்த சிறு விவசாயி சான்றுக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் கேட்க வட்டாட்சியர் அலுவலகம் போனபோது, எழுத்தர், பட்டாவிலுள்ள நிலங்களைக் காட்டும் சிட்டாவின் மொத்தப் பரப்பில் விரலை வைத்து, ஐந்து ஏக்கர் வரம்பைத் தாண்டுகிறது என்றார். பத்திரத்தை நீட்டினால் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எங்களுக்குப் பட்டாதாங்க கணக்கு" என்பதோடு பேச்சு முடிந்தது.

குழாய் நிறுவனத்தின் ஆள், "75-லேயே போட்டுவிடலாம், வேலை சீக்கிரம் முடியும்" என்று வற்புறுத்தினார். அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள், செலவில் கால் பங்கு நம் கையை விட்டுப் போகும். நான் என் பங்கைத் தனி எண்ணாகப் பிரிக்கும் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்தேன். நில அளவர் வந்த நாளில் பங்காளிகளில் ஒருவர் வெளியூரில் இருந்ததால், அளக்காமலே திரும்பிப் போய்விட்டார். பங்காளிகள் எல்லோரிடமும் நாள் குறித்து உறுதி பெற்ற பிறகே அவரை வரச் சொல்லுங்கள். தனிப் பட்டா கிடைத்த பின்னும், அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு) பழைய புல எண்ணிலேயே வந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அதைத் திருத்தி வாங்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் வட்டாட்சியரின் சான்று கைக்கு வந்தது.

அத்துடன் தீரவில்லை. உட்பிரிவு செய்ததில் பொதுக் கிணறு பெரியப்பாவின் எண்ணுக்குள் போய்விட, நீர் ஆதாரம் எங்கே என்று தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டார்கள். யாருமே திறந்து பார்க்காத அந்தப் பத்திரம் இங்கேதான் கைகொடுத்தது. கிணற்றில் எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு நீர்ப்பாத்தியம் (நீர் எடுக்கும் உரிமை) உண்டென்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. பெரியப்பாவும் தயங்காமல் ஒப்புதல் கடிதம் எழுதிக் கொடுத்தார். உங்கள் பத்திரத்திலும் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே பார்த்து வையுங்கள்.

இணையப் பதிவு, மண், நீர்ப் பரிசோதனை, வரைபடம், கள ஆய்வு, பணி ஆணை எல்லாம் தடையின்றி நடந்தன.

குழாய் பதித்து முடிந்ததும், மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் முன்பே குழாய் நிறுவனத்தார் திருப்திச் சான்றில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். ஒரு முறை மானியம் பெற்ற நிலத்துக்கு அடுத்த முறை பெற ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால், இந்த இடத்தில் முகதாட்சணியம் பார்க்கவே கூடாது. மணிக்கு நான்கு லிட்டர் விடும் சொட்டுவான் என்றால் கால் மணி நேரத்தில் ஒரு லிட்டர் சேர வேண்டும். முதல் வரிசையில் வைத்த ஒரு லிட்டர் பாட்டில் நிரம்பியது. கடைக்கோடியில் வைத்தது பாதிகூட நிரம்பவில்லை. வடிகட்டியைக் கழற்றினால் சல்லடை ஓரத்தில் கிழிந்து, கிணற்று மணல் குழாய்க்குள் போயிருந்தது. வேறு வடிகட்டி மாட்டி, பக்கவாட்டுக் குழாய்களின் முனைகளைத் திறந்து கழுவிவிட்டு, கடைசி வரிசையிலும் பாட்டில் நிரம்பிய பிறகே கையெழுத்திட்டேன். கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும் வடிகட்டிக்கான உத்தரவாத அட்டையையும் அந்த இடத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.