ஆள் போய்விட்டாரா, சும்மா இருக்கிறாரா?

"இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார்" என்று சொல்லி, நான் எழுதிய சர்வர் என்னையே வாசலில் நிறுத்திவிட்டது. சின்ன சாட் சர்வர்தான், பைத்தானில் எழுதியது. ஒரு பெயருக்கு ஒரு இணைப்பு மட்டும் என்பது நானே வைத்த விதி. லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி மறுபடி நுழையப் பார்த்தேன், விடவில்லை. உள்ளே இருப்பதாக அது சொன்ன ஆள் நான்தான், ஐந்து நிமிடத்துக்கு முந்தைய நான்.

கோட் எழுதும்போது இதை யோசிக்காமல் இல்லை. டேட்டாவைப் படிக்கும் ரிசீவ் ஃபங்ஷன் பூஜ்ஜியம் பைட் திருப்பிக் கொடுத்தால் எதிர்முனை மூடிவிட்டது என்று அர்த்தம், பட்டியலிலிருந்து எடுத்துவிடு. எரர் வந்தாலும் எடுத்துவிடு. இதைத்தான் எல்லோரும் எழுதுகிறோம். கிளையண்டை கண்ட்ரோல்-சி அடித்து நிறுத்திப் பார்த்தேன், கில் -9 போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் சர்வர் உடனே கண்டுபிடித்தது. பிசகு அந்தச் சோதனையில்தான். கில் -9 கொல்வது புரோகிராமை மட்டும். அந்த மெஷினின் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) உயிரோடுதான் இருக்கிறது, செத்த புரோகிராமின் சாக்கெட்டுகளை (நெட்வொர்க் இணைப்பின் முனைகளை) அதுவே மூடி, எதிர்முனைக்கு 'முடித்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் ஃபின் பாக்கெட்டை (படிக்காத டேட்டா பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், மீதி கிடந்தால் 'இணைப்பு முறிந்தது' என்னும் ரீசெட்டை) மரியாதையாக அனுப்பிவிடுகிறது. அதாவது நான் சோதித்ததெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறவர்களை மட்டும்தான்.

சொல்லாமல் போகிறவர்கள் வேறு ரகம். கரண்ட் போகிறது, வைஃபை அறுகிறது, லேப்டாப் மூடி தூங்கப் போகிறது, நடுவில் இருக்கும் ரூட்டர் தன் நேட் அட்டவணையிலிருந்து (எந்த இணைப்பு எந்த மெஷினுக்கு என்று குறித்துவைக்கும் பட்டியல்) அந்த இணைப்பை மறந்துவிடுகிறது. இதிலெல்லாம் சர்வருக்கு ஒரு பாக்கெட்கூட வராது. டிசிபி (என் சாட் ஓடும் நெட்வொர்க் விதிமுறை) இணைப்பு என்றதும் நமக்கு ஒரு கம்பி மனதில் வருகிறது, கம்பி அறுந்தால் தெரியாதா என்று தோன்றுகிறது. உண்மையில் அது இரண்டு கெர்னல்கள் ஒன்றைப் பற்றி ஒன்று வைத்திருக்கும் ஞாபகம், அவ்வளவுதான். பேச்சு இல்லாத நேரத்தில் நடுவில் எதுவுமே ஓடுவதில்லை. கேபிளைப் பிடுங்கி அரை மணி நேரம் கழித்துச் செருகினால் பழைய இணைப்பு பாட்டுக்கு வேலை செய்யும், அது வேண்டும் என்றே செய்த வசதி. அதே வசதிதான் நம்மைக் கடிக்கிறது: செத்த கிளையண்டும் பேசாமல் இருக்கும் கிளையண்டும் சர்வரின் கண்ணுக்கு ஒரே மாதிரி.

இந்த இடத்தில் பலரும் "கனெக்டடா" என்று கேட்கும் ஃபங்ஷனைத் தேடிப் போவார்கள். நானும் போனேன். ஜாவாவில் இஸ்கனெக்டட், சாக்கெட்டை நாமே மூடிய பிறகும் ஆமாம் என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது சொல்வது "எப்போதாவது இணைந்ததா" என்பதை. டாட்நெட்டில் இருக்கும் கனெக்டட், கடைசியாக நடந்த படிப்போ எழுத்தோ எப்படி முடிந்தது என்பதைச் சொல்கிறது. இவற்றை நம்பி ஒரு இஃப் எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல்.

சரி, எதையாவது அனுப்பிப் பார்த்தால்? செண்ட் வெற்றி என்று சொன்னால் கிளையண்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை, நம் கெர்னலின் பஃபரில் இடம் இருந்தது என்று அர்த்தம். எதிர்முனை காணாமல் போயிருந்தால் கெர்னல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், ஒவ்வொரு முறையும் காத்திருப்பு இரட்டிப்பாகும், லினக்ஸில் 120 விநாடி வரை. லினக்ஸில் டீஃபால்ட் 15 மறுமுயற்சி, கணக்குப் போட்டால் கைவிட சுமார் 15 நிமிடம். அதுவரை நம் கோட் சந்தோஷமாக செண்ட் செய்துகொண்டே இருக்கும். இன்னொன்று, சி-யில் எழுதுகிறவர்களுக்கு: எதிர்முனை மூடிவிட்ட சாக்கெட்டில் எழுதினால் முதல் எழுத்து வெற்றி மாதிரி போகும், அதற்கு ரீசெட் வந்த பிறகு எழுதும்போது சிக்பைப் சிக்னல் வந்து, ஒரு கிளையண்ட் போனதற்காக மொத்த சர்வரும் சத்தமில்லாமல் செத்துவிடும். அந்த சிக்னலை ஒதுக்கச் சொல்லிவிட்டு எரர் கோடைப் பாருங்கள். பைத்தான் இதை நமக்காகச் செய்துவிடுகிறது.

அப்புறம் கீப்-அலைவ், அமைதியாக இருக்கும் இணைப்பில் கெர்னலே அவ்வப்போது எதிர்முனையை விசாரிக்கும் ஏற்பாடு. டிசிபியிலேயே இருக்கிறதே, ஒரு சாக்கெட் ஆப்ஷன் போட்டால் போதுமே என்பார்கள். போடலாம், ஆனால் டீஃபால்ட் எண்களைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்: லினக்ஸில் 7200 விநாடி அமைதிக்குப் பிறகுதான் முதல் விசாரிப்பு, அதற்குப் பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக மொத்தம் 9. கூட்டினால் 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. இந்த இரண்டு மணி நேரம் 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122 (இணைய விதிமுறை ஆவணம்) வைத்த குறைந்தபட்ச டீஃபால்ட். சாக்கெட் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம். 60 விநாடி அமைதி, 10 விநாடி இடைவெளி, 3 விசாரிப்பு என்று வைத்தால் ஒன்றரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதிலும் ஒரு ஓட்டை. நாம் அனுப்பிய டேட்டாவுக்கு இன்னும் அக் (கிடைத்தது என்ற ஒப்புதல்) வராமல் இருந்தால் கீப்-அலைவ் வேலை செய்யாது, மறுமுயற்சி டைமர்தான் ஓடும், மறுபடி அந்த 15 நிமிடக் கதை. அதைக் குறைக்க லினக்ஸில் யூசர் டைம்அவுட் என்று இன்னொரு ஆப்ஷன் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே போட வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் கீப்-அலைவுக்குப் பதில் சொல்வது எதிர்முனையின் கெர்னல், புரோகிராம் இல்லை. கிளையண்டை கில் -ஸ்டாப் போட்டு உறைய வைத்துப் பாருங்கள், கெர்னல் பாட்டுக்கு "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று அக் அனுப்பிக்கொண்டிருக்கும். டெட்லாக்கில் (ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடுவதில்) மாட்டிய கிளையண்டும் அப்படித்தான். எனக்குத் தெரிய வேண்டியது மெஷின் இருக்கிறதா என்பது இல்லை, என் புரோகிராம் பதில் சொல்லுமா என்பது. அதனால் கடைசியில் பிங்கும் ('இருக்கிறாயா?') பாங்கும் ('இருக்கிறேன்') என் புரோட்டோகாலுக்குள்ளேயே போட்டேன். வெப்சாக்கெட்டிலும் (பிரவுசரும் சர்வரும் தொடர்ந்து பேசிக்கொள்ளும் முறை) பிங், பாங் ஃபிரேம்கள் இருக்கின்றன, ஆனால் பிரவுசர்கள் தாமாகவே பாங் அனுப்பிவிடும் என்பதால் அங்கேயும் இதே பிரச்சினை பாதி ஒளிந்திருக்கிறது.

என் ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு கிளையண்டுக்கும் கடைசியாக முழுச் செய்தி வந்த நேரம். 30 விநாடி அமைதி என்றால் சர்வர் பிங் அனுப்பும், 75 விநாடி ஆகியும் எதுவும் வரவில்லை என்றால் மூடிவிடும். பாங் மட்டும் என்று இல்லை, எந்தச் செய்தி வந்தாலும் உயிர் இருக்கிறது என்றுதான் கணக்கு. நேரத்தை முதலில் சுவர்க் கடிகாரத்தில் எடுத்தேன். ஒரு நாள் சர்வரின் நேரம் சரிசெய்யப்பட்டு சில நிமிடம் முன்னே குதித்தது, அத்தனை பேரும் ஒரே நொடியில் வெளியே. இப்போது மானோடானிக் கடிகாரம், நேரத்தை யார் மாற்றினாலும் குதிக்காமல் முன்னே மட்டும் ஓடுவது.

இதைவிட மோசமாக என்னைச் சுற்றவிட்டது ஒரு பக்க விளைவு. டிக்ஷனரியில் எஃப்டி எண்ணையே (திறந்த சாக்கெட்டுக்கு கெர்னல் கொடுக்கும் எண்) சாவியாக வைத்திருந்தேன். டைமர் 7-ஆம் எண்ணை மூடியது, அடுத்து வந்த புது ஆளுக்கு யூனிக்ஸ் வழக்கப்படி காலியான சிறிய எண்ணான அதே 7 கிடைத்தது, அதற்குப் பிறகு விழித்த பழைய ரீடர் த்ரெட் தன் பங்குக்கு "7-ஐ எடுத்துவிடு" என்றது. புது ஆள் காலி. நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டே இரண்டு நாள் போனது. இப்போது இணைப்பு ஒவ்வொன்றுக்கும் திரும்ப வராத ஒரு வரிசை எண்.

சோதனையும் மாறிவிட்டது. கில் எல்லாம் இல்லை, லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் சர்வரின் போர்ட்டுக்கு வரும் போகும் பாக்கெட்டுகளை டிராப் செய்யச் சொல்லிவிட்டு (ரிஜெக்ட் இல்லை, அது பதில் சொல்லிவிடும்) இன்னொரு டெர்மினலில் இணைப்புகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கமாண்டில் டைமரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மறுமுயற்சி எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறுவது தெரியும். அதை ஒரு தடவை பார்த்தவர்கள் செண்டின் ரிட்டர்ன் மதிப்பை அப்புறம் நம்புவதில்லை.

என்னை வாசலில் நிறுத்திய அந்த விதியையும் மாற்றினேன். 75 விநாடிகூட எதற்குக் காத்திருக்க வேண்டும்? சரியான பாஸ்வேர்டோடு புதிதாக ஒருவர் வந்தால் பழைய இணைப்பு மூடப்படும், புதியவர் உள்ளே. ஆனால் இரண்டு விண்டோவில் ஒரே பெயரில் நுழைந்தால் இரண்டும் மாறி மாறி ஒன்றை ஒன்று தள்ளிவிட்டு மறுபடி மறுபடி நுழைந்துகொண்டே இருக்கின்றன, அதற்கு இன்னும் வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.